கைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டுகள்

ஏட்டி மலரு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், பேங்கிலிருந்து வீடு வந்து சேரவே எட்டு மணியாகிறது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத வாய்த்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம். மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. பெரியவள் ஹாஸ்டலில் சேர்ந்ததும் வீடு வெறிச்சென்று இருப்பதாக எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ரெண்டு மாதத்தில் பழகிவிடும். அதற்குள் உங்களுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வேறு! சாமான் எல்லாம் பிரித்து அடுக்கி முடித்தாயா, இல்லை இன்னும் அட்டைப்பெட்டிக்கு நடுவில்தான் படுக்கையா?

"ராத்திரி கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறாயாமே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான். சின்னவன் நாள் முழுக்க ஃபோனில் சுட்டுக்கொண்டே இருக்கிறான் என்று அதே பக்கத்தில் வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறாய். ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் விளையாடுகிறவை வேறு வகை. 'இண்டி' என்பார்கள். பெரிய கம்பெனிகளில் நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் செய்கிற மாதிரி இல்லாமல், ஒருத்தரோ நாலு பேரோ உட்கார்ந்து தங்களுக்குத் தோன்றியதைச் செய்வது. தோன்றுவதும் விசித்திரமாகத்தான் தோன்றும். குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து ஆவணம் சரிபார்க்கிற ஒரு கேம் இருக்கிறது என்று தம்பி மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. அதில் என்ன விளையாட்டு இருக்க முடியும் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று பெயர். 2013-இல் வந்தது. லூகஸ் போப் என்ற அமெரிக்கர் தனியாளாகச் செய்தது. பெரிய கேம் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு ஜப்பானில் குடியேறியவர். விமான நிலையங்களில் பாஸ்போர்ட் பார்க்கிறவர்களைக் கவனித்துக்கொண்டே நின்றதில் இந்த யோசனை வந்திருக்கிறது. 1982, அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. பக்கத்து நாட்டோடு ஆறு வருடப் போர் அப்போதுதான் முடிந்து எல்லை திறக்கிறார்கள். குலுக்கலில் உன் பெயர் விழுந்து, நீ சோதனைச்சாவடி அதிகாரி ஆகிறாய். ஒவ்வொருத்தராகக் கூப்பிட வேண்டும், காகிதத்தை வாங்க வேண்டும், பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கவுண்டர் தெரியும், மலரு. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பான் கார்டில் வேறு தேதி. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக, மற்றதில் இனிஷியல் மட்டும். இருபது வருடமாக என் கண் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேமில் மேஜை சின்னது, வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார். பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, வேலை அனுமதி, விதிப்புத்தகம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூடிக்கொள்ளும். தேடியெடுக்கிறதுக்குள் கடிகாரம் ஓடிவிடும். சரியாகப் பார்த்து அனுப்புகிற ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாளில் ரெண்டு தப்பு வரைக்கும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் வாடகை போக சாப்பாட்டுக்குக் காணாது, சாப்பாட்டுக்குக் கொடுத்தால் குளிருக்குக் கணப்பு இருக்காது. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் மருந்துச் செலவு வேறு.

இப்படி வேகவேகமாகக் குத்திக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் வருகிறான். காகிதம் எல்லாம் சுத்தம். பச்சை குத்தி அனுப்புகிறாய். போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விதிப்படி சிவப்புதான். பச்சை குத்தினால் உன் கணக்கில் ஒரு தப்பு ஏறும். அன்றைக்கு ஏற்கெனவே ரெண்டு தப்புச் செய்திருந்தால் உன் மகன் சாப்பாட்டிலிருந்து போகும்.

நான் பச்சைதான் குத்தினேன். ஆனால் குத்துவதற்கு முன்னால் என் கை நின்றதே, அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். இதே கதையைப் படித்திருந்தால் அந்த அதிகாரிக்காகவும் அவளுக்காகவும் வருத்தப்பட்டிருப்பேன், அதோடு சரி. இங்கே முத்திரை என் கையில் இருக்கிறது. ஆளைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்க்கிற பழக்கம் எப்படி வருகிறது என்று அந்த மேஜை எனக்குக் காட்டிக்கொடுத்தது. கொடூரமானவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. நேரம் போதாதவனுக்கு வருகிறது, வீட்டில் கணப்பு அணைந்துவிடுமோ என்று பயப்படுகிறவனுக்கு வருகிறது. மறுநாள் பேங்கில் ஒரு பாட்டி பென்ஷன் விஷயமாக வந்து நின்றபோது முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்புக்கை வாங்கினேன்.

இதற்குப் பிறகுதான் இந்த மாதிரி கேம்களைத் தேட ஆரம்பித்தேன். தேடத்தேட ஒன்று புரிந்தது. வேடிக்கையாகப் படம் வரைந்திருப்பதோ கோமாளித்தனமாகப் பேசுவதோ எனக்குச் சீக்கிரம் சலித்துவிடுகிறது. என்னைப் பிடித்து உட்கார வைப்பவை எல்லாம் கைக்கு ஒரு விசித்திரமான வேலையைக் கொடுத்து, அந்த வேலையாலேயே கதை சொல்பவை.

'அன்பேக்கிங்' என்று ஒன்று. பெயரே வேலையைச் சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து விட்ச் பீம் என்ற சின்னக் குழு 2021-இல் வெளியிட்டது. குழுவில் ஒரு பெண்ணும் அவள் துணைவரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனபோது, சாமான் பிரிக்கையில் வந்த யோசனை. 1997-இல் ஒரு சின்னப் பெண்ணின் படுக்கையறையில் தொடங்குகிறது. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு அவள் கல்லூரி அறை, நண்பர்களோடு எடுத்த வீடு என்று 2018 வரைக்கும் எட்டுத் தடவை சாமான் பிரிக்க வேண்டும். அவளை நேரில் ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. பேச்சும் கிடையாது. எந்தப் பொம்மை கூடவே வருகிறது, எது அடுத்த பெட்டியில் இல்லாமல் போகிறது, புத்தகம் கூடுகிறதா குறைகிறதா, இவற்றிலிருந்து நீயேதான் அவளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2010-இல் ஒரு காதலனோடு குடியிருக்கப் போகிறாள். அவன் வீடு. அலமாரி, சமையலறை, குளியலறை எல்லா இடத்திலும் அவன் சாமான். அவனுடையதைத் தள்ளித் தள்ளி நீ இடம் உண்டாக்க வேண்டும். கடைசியில் அவள் பட்டச் சான்றிதழ் கையில் மிஞ்சும், ஃப்ரேம் போட்டது. சுவரில் மாட்ட இடமில்லை. மேஜையில் வைத்தால் சிவப்புக் கோடு காட்டி, இங்கே கூடாது என்கிறது. வீடு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஏற்றுக்கொள்கிறது! தள்ளியது என் கை. அந்த வீட்டில் அவள் நீடிக்க மாட்டாள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து 2012-இல் அவள் அம்மா அப்பா வீட்டுக்கே திரும்பிவருகிறாள். நம் கூட்டத்தில் எத்தனை பேருடைய சான்றிதழ் பீரோவுக்கு மேலே தூசியில் கிடக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி எண்ணிப் பார்த்தேன். நீ டீச்சர் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு உன்னை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாமே மனசைப் பிசைகிறவை என்று நினைத்துவிடாதே. உன் சின்னவனுக்கு ஏற்றது ஒன்று இருக்கிறது, 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்'. மெல்போர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்ற நாலு பேர் செய்து 2019-இல் வெளிவந்தது. நீ ஒரு பெரிய வெள்ளை வாத்து. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் நிம்மதியாக இருக்கிறவர்களை ஒரு வழி பண்ணுவதுதான் உன் வேலை. அலகால் கவ்வலாம், இறக்கையை அடிக்கலாம், குனிந்து பதுங்கலாம், கத்தலாம். கத்துவதற்கென்றே ஒரு பட்டன்! தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், அவரை நனைக்க வேண்டும் என்று கையெழுத்தில் ஒரு பட்டியல் தருகிறார்கள். அதில் ஒன்று, ஒருத்தரை அவருடைய பொருளையே காசு கொடுத்து வாங்க வைக்க வேண்டும். ஒரு பையன் பொம்மை விமானம் வைத்திருக்கிறான். அதைப் பறித்துக்கொண்டு போய்க் கடைக்காரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். அந்தம்மா விற்பனைக்கு என்று நினைத்துக்கொள்ள, பையன் முழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டெபூஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பியானோ இசையைத் துண்டு துண்டாக வெட்டி, நீ பதுங்கினால் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, துரத்தல் ஆரம்பித்தால் தடதடவென்று ஓடும்படி சேர்த்திருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு ரெண்டு பேர் சேர்ந்து ரெண்டு வாத்தாகவும் விளையாடலாம்.

லூகஸ் போப்பின் அடுத்த கேம் 2018-இல் வந்தது. 'ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது, ஆனாலும் விட மனசில்லை. காலம் 1807. காணாமல் போன கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. நீ கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த அறுபது பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று பேரேட்டில் எழுத வேண்டும். பழைய மேகின்டாஷ் கணினி போல எல்லாம் ரெண்டே நிறத்தில். உன்னிடம் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தின் பக்கத்தில் அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும், நீ அதற்குள் நடந்து போய்ப் பார்க்கலாம். பெயர்ப்பலகை எதுவும் இருக்காது. பேச்சு வழக்கு, உடுப்பு, யார் யாரோடு நிற்கிறார்கள், போட்டிருக்கிற செருப்பு இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொங்கும் படுக்கைகளில் எண் மாட்டியிருப்பதைக் கவனித்து, அதைக் கப்பலின் ஆள் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு பெயரை எழுதியபோது எழுந்து நின்றுவிட்டேன். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று காட்டும், அதனால் குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது. அந்த அறுபதில் இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் உண்டு. ரெண்டு பேர் நோயில் படுத்தே போய்விடுகிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் போனார்கள். அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கி, பெயரைக் கண்டுபிடித்து எழுது என்கிறது இந்தக் கேம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் உசத்தி.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றியே ஒன்று இருக்கிறது தெரியுமா? 'வெண்பா'. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற குழு 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடா போன வெண்பாவும் பாவலனும், அங்கே பிறக்கும் மகன் கவினும். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். சின்னக் கேம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இன்னும் நாலு பலகாரம் வைத்திருக்கலாம் என்பதுதான் என் குறை. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருது வாங்கியது.

எங்கே தேடுகிறாய் என்று கேட்பாய். இட்ச் (itch.io) என்று ஒரு தளம், 2013-இலிருந்து நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தான் செய்ததை அங்கே வைக்கலாம். பல கேம்களுக்கு உனக்கு முடிந்ததைக் கொடு என்றுதான் போட்டிருப்பார்கள், இலவசமும் நிறைய. அரைகுறையும் நிறைய, பொறுமையாகத்தான் பொறுக்க வேண்டும். ரெண்டு நாளில் ஒரு கேம் செய்து முடிக்கிற போட்டிகள் நடக்கும், அவற்றுக்கு வந்ததைப் பார்ப்பதும் நல்ல வழி. 'பாபா இஸ் யூ' அப்படி 2017-இல் ஒரு போட்டியில் முளைத்ததுதான். பின்லாந்துக்காரர் அர்வி தேய்கரி செய்தது. விளையாட்டின் விதிகளே சொற்களாகத் தரையில் கிடக்கும். 'சுவர் தடுக்கும்' என்ற வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். இலக்கணப் பாடம் எடுக்கிற உனக்கு இது பிடிக்காமல் போகாது.

உனக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2022-இலிருந்தும் 'அன்பேக்கிங்' 2023-இலிருந்தும் ஃபோனிலேயே கிடைக்கின்றன. 'அன்பேக்கிங்'கில் தொடங்கு. 2010 வீட்டை முடித்ததும், எத்தனை மணியானாலும் எனக்கு ஃபோன் பண்ணு.

சின்னவனைத் திட்டாதே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விளையாடுகிறான் என்று கேள், அவன் கை என்ன செய்கிறது என்று பார். மே மாதம் லீவு போட்டிருக்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். லேப்டாப்பும் ரெண்டு கன்ட்ரோலரும் கொண்டுவருவேன், அவனும் நானும் வாத்தாக விளையாடுவதற்கு. மக்ரூன் வாங்கி வைத்திரு. அம்மாவுக்குக் கீழ்வீட்டு அறை இருக்கிறதா, இல்லை மாடிதானா என்று மட்டும் எழுது, அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
சித்ரா