கடலோரச் சாரத்துக்குத் தனிக் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தொண்டி முதல் ராமேசுவரம் வரை கடலை ஒட்டி மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. மதுரைப் பக்கம் கட்டுவது போலவே இங்கும் வேலையாட்கள் ஏறி நிற்கும் குழாய்ச் சாரம் கட்டுவது ஆபத்து.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது குழாய்களை இணைக்கும் கிளாம்பின் போல்ட்டும் நட்டும்தான். மரையில் துரு ஏறினால் நட்டு பாதியிலேயே இறுகி நிற்கும். ஸ்பேனருக்கு முடுக்கியது போலத் தோன்றும். குழாயைக் கிளாம்ப் பிடித்திருக்காது. பாரம் ஏறியதும் வழுக்கிவிடும். மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து எண்ணெய் விடுங்கள். அப்படியும் கையால் சுழற்ற நட்டு ஓடவில்லையென்றால் அந்தக் கிளாம்பைத் தூக்கி எறிவதே நல்லது. குழாய் உள்பக்கமும் அரிக்கும். முனையைப் பார்த்தால் தகடு மெலிந்தது தெரியும்.

மணலில் சாரத்தின் காலுக்கு அடியில் வெறும் அடித்தகடு போதாது. ஒரு கால் புதைந்தால் அதன் பாரம் பக்கத்துக் கால்களுக்குப் போய் மொத்தச் சாரமும் சாயும். இரண்டு கால்களையாவது சேர்த்துத் தாங்கும் தடித்த பலகையை அடியில் போட வேண்டும். மழைநீர் மணலை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் பச்சை வலையும் தார்ப்பாயும் கப்பல் பாய் போல் உப்பிச் சாரத்தை இழுக்கும். சாரத்தின் உயரம் அதன் அடிப்பகுதி அகலத்தைப் போல 4 மடங்கைத் தாண்டினால் கட்டடத்தின் தூணோடு கட்டியே ஆக வேண்டும். ஜன்னல் சட்டத்தில் கட்டுவது கட்டே அல்ல. பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று இந்தக் கட்டுகளை அவிழ்ப்பதுதான் பெரிய தவறு. மாற்றுக் கட்டுப் போட்ட பிறகே பழையதைத் தொட வேண்டும். பலத்த காற்றடித்த மறுநாள், மேஸ்திரி சாரம் முழுவதையும் சரிபார்க்கும்வரை கொத்தனாரையோ சித்தாளையோ ஏற்றக் கூடாது.

– வாசகர், மண்டபம்