களிம்பு தடவிய இடம் அரித்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு காயங்களுக்கான முதலுதவிக் குறிப்புகளில் ‘கழுவித் துடைத்து, ஆன்டிபயாடிக் களிம்பு தடவவும்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. எளிதில் சிவந்து தடிக்கும் தோல் உடையவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது என்பதை என் தாயாருக்கு நேர்ந்ததைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

நாற்காலியில் இடித்துக்கொண்டதில் அவருடைய கணுக்காலுக்கு மேலே ஒரு சிராய்ப்பு. கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இராது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய களிம்பைக் காலையும் மாலையும் நான்தான் தடவினேன். ஐந்தாம் நாள் காயத்தைச் சுற்றிச் சிவந்து அரிக்கத் தொடங்கியது. புண் சீழ் பிடிக்கிறது என்று எண்ணி இன்னும் தாராளமாகத் தடவியதில், இரண்டே நாளில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள் எழும்பிக் கசிந்தன. தோல் மருத்துவர் பார்த்தவுடன், “களிம்பை எதுவரை தடவினீர்கள்?” என்றுதான் கேட்டார். காயமே இல்லாத தோலிலும், என் விரல் சென்ற இடம் வரைக்கும், கோடு போட்டதுபோல் சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காயம் ஆறிக்கொண்டுதான் இருந்தது, மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தகைய களிம்புகளில் பெரும்பாலும் நியோமைசின், பாசிட்ராசின், பாலிமிக்சின் பி ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும். தொடு ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம் கவனத்துக்குரிய பொருள் என்று ஆண்டுக்கு ஒன்றை அறிவிக்கிறது. 2003இல் பாசிட்ராசினையும் 2010இல் நியோமைசினையும் அவ்வாறு அறிவித்தது. எக்ஸிமா எனும் அரிப்புத் தோல் அழற்சி உள்ளவர்களும், காலில் நெடுநாள் ஆறாத புண் உள்ளவர்களும், தோலின் அரண் ஏற்கெனவே பழுதுபட்டிருப்பதால், கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இந்த ஒவ்வாமை தாமதித்து வருவது என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. முன்பே ஒவ்வாமை உண்டாகிவிட்ட உடலில் ஓரிரு நாளில் தெரியும். முதல் முறையாக உண்டாகும்போது ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பல ஆண்டுகள் தொல்லையின்றித் தடவியவருக்கும் திடீரென்று வரலாம். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய என் தாயாரின் முதுகில் சோதனைப் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் நியோமைசின் இருந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது.

தொற்றையும் ஒவ்வாமையையும் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. ஆயினும் அரிப்பு மேலோங்கி, சிவப்பு காயத்தைத் தாண்டிக் களிம்பு பட்ட இடமெல்லாம் பரவினால் ஒவ்வாமையைத்தான் முதலில் ஐயுற வேண்டும்; வலி நாளுக்கு நாள் கூடி, சூடும் சீழும் காய்ச்சலும் இருந்தால் தொற்றாக இருக்கலாம். முன்னதில் களிம்பை உடனே நிறுத்திக் கழுவிவிட வேண்டும். பின்னதில் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எது என்று தெரியாவிட்டாலும் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

களிம்பைத் தடவியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய படலமாக, காயத்தின் மேல் மட்டும், ஒரு வாரத்துக்கு மிகாமல் தடவலாம். ஆழமான குத்துக்காயம், விலங்குக் கடி, பரவலான தீப்புண் ஆகியவற்றுக்குச் சொந்த முடிவில் தடவக் கூடாது. பரந்த புண்ணில் பூசும்போது நியோமைசின் இரத்தத்தில் கலந்து செவிப்புலனையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

சுத்தமான சிறு சிராய்ப்புக்கு ஆன்டிபயாடிக்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1996இல் வெளிவந்த ஆய்வொன்றில், தோலில் சிறு அறுவை செய்துகொண்ட 900க்கும் மேற்பட்டோரில் ஒரு சாராருக்குப் பாசிட்ராசினும் மறு சாராருக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று ஏற்பட்டதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, ஒவ்வாமையோ பாசிட்ராசின் தடவியவர்களிடம் மட்டுமே கண்டது. ஓடும் நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல்லி தடவி, மூடி வைத்தால் புண் காயாமல் ஈரப்பதத்துடன் ஆறும்.

களிம்பை மாற்றுவதும் எப்போதும் தீர்வாகாது. நியோமைசின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதே வகை ஆன்டிபயாடிக்குகளான ஜென்டாமைசினும் ஃப்ராமைசெடினும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே களிம்பின் வணிகப் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படித்து வாங்க வேண்டும். முதலுதவிக் குறிப்பு வெளியிடும்போதெல்லாம் ‘அரிப்பு பரவினால் நிறுத்தவும்’ என்ற வரியையும் தங்கள் நாளிதழ் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். சில கண் சொட்டு மருந்துகளிலும் காதுச் சொட்டு மருந்துகளிலும்கூட நியோமைசின் இருப்பதால், என் தாயாரின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்