கதவில்லாத வீடு

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பாள். காட்டுக்குள் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பொம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், எழுப்பிவிட இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பதோடு கதையை முடித்திருப்பாள். அதில் பொய் இல்லை. சேறு என்பது மட்டும் மிகை. அது ஈரச் சருகு. ஆனால் ஏன் படுத்தேன் என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது எங்களையும் அழைத்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து காட்டுப் பாதையோரம் தேவதைகளுக்கு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், வாருங்கள் என்றார்கள். தேவதைக்கு எதற்கு வீடு என்று கேட்டேன். நம் கதைகளில் தேவதை என்றால் வானத்திலிருந்து இறங்கி வரம் கொடுத்துவிட்டுப் போய்விடும். வாடகைக்கு வீடு தேடிய தேவதையை நான் கேள்விப்பட்டதில்லை. இது வேறு சாதி என்று பிறகுதான் தெரிந்தது. கட்டைவிரல் உயரம், மரத்தடியில் குடித்தனம், யார் கண்ணிலும் படாமல் வந்து போகும். சரி, அளவு தெரிந்துவிட்டால் வீடு கட்ட வேறென்ன வேண்டும்?

பாதை ஒரு மைல்கூட இருக்காது. மொத்தம் 32 வீடுகள். ஒரு பள்ளி வகுப்பு கட்டியது, தீயணைப்பு நிலையத்து ஆட்கள் கட்டியது, முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே செய்து கொடுத்தனுப்பியது என்று பல கைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரமுளையில் எண் மட்டும் இருந்தது. யார் கட்டியது என்ற பட்டியல் பாதை முடிகிற இடத்தில்தான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பெயரைப் பார்த்துவிட்டுப் பாராட்டுகிற வசதி யாருக்கும் இல்லை.

முதல் கால் மணி நேரம் என் கண்ணில் ஒரு வீடும் படவில்லை. அந்தப் பெண் குழந்தை அதற்குள் நான்கைக் கண்டுபிடித்துவிட்டாள். காரணம் சாதாரணமானதுதான்: நான் என் உயரத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வேர் இரண்டாகப் பிரியும் கவட்டில், விழுந்த மரத்தின் பொந்தில், பாறையின் அடிவிளிம்பில் என்று எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தன. முதுகு வளைந்த பிறகு வரிசையாகத் தென்பட ஆரம்பித்தன.

ஏழாம் எண் வீட்டுக்காகத்தான் படுத்தேன். ஒரு சாண் அகலம் இருக்கும். கூழாங்கல் சுவர், களிமண் பூச்சு. ஓக் மரத்துக் காய்களின் தொப்பியைக் கவிழ்த்துத் தூணுக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில், சதையெல்லாம் மக்கி நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. கூரைக்கு விரல்நக அளவில் மரப்பட்டைச் சில்லுகள். நான் பார்க்க விரும்பியது கூரையைத்தான். கீழ் வரிசையை முதலில் போட்டு, மேல் வரிசை அதன் மீது பாதி ஏறும்படி, இரண்டு சில்லின் இணைப்பை மூன்றாவதன் நடுப்பகுதி மூடும்படி ஓடு வேய்கிற முறையிலேயே வேய்ந்திருந்தார்கள். வாட்டம் சரியாக இருந்தது. சுவரில் தண்ணீர் வழியாதபடி இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, வெளியே நீண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க மேஸ்திரிகளோடு இந்த இறவாணத்துக்காகச் சண்டை போட்டவன் நான் என்பது உனக்குத் தெரியும். இவ்வளவு சுத்தமான வேலையை நான் மேற்பார்வை பார்த்த வீடுகளில்கூட அதிகம் பார்த்ததில்லை.

பதினோராம் எண்ணில் நேர்மாறு. சில்லுகளை மேலிருந்து கீழாகச் சொருகியிருந்தார்கள். மழை பெய்தால் மொத்தத் தண்ணீரும் வீட்டுக்குள்தான். அங்கே நின்றிருந்த தன்னார்வலப் பெண்மணியிடம் வரிசையை மாற்றினால் ஒழுகாது என்று விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டியவருக்கு ஆறு வயது என்றார். அம்மா அதற்குள் பத்தடி தள்ளிப் போய் ஏதோ மரத்தை ரசிப்பது போல நின்றுகொண்டாள்.

நுழைவிடத்தில் ஒரு பலகையில் விதிகளை எழுதி வைத்திருந்தார்கள். உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பதைப் பறிக்கக் கூடாது, பாசியை உரிக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக்கும் மினுக்குத் தூளும் கூடாது. வாசிக்கும்போது இது என்ன கெடுபிடி என்றுதான் தோன்றியது. போகப் போகப் புரிந்தது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, உடம்பாலேயே தண்ணீர் குடித்து, நிதானமாகப் பரவுகிற உயிர் அது. ஒரு பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு உரித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டடி தள்ளி இருந்த வீட்டில் அதே அளவுக்குப் பச்சைக் கம்பளம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளை இடத்தைப் பார்த்த பிறகு கம்பளத்தை ரசிக்க முடியவில்லை.

இன்னொரு வீடு முழுக்கப் பிளாஸ்டிக் பூ, பேட்டரி விளக்கு, பளபளக்கும் தூள். அந்தத் தூளும் பொடியாக்கிய பிளாஸ்டிக்தான். மழையில் கரைந்து மண்ணோடு போய்விடும் என்று தூவியவர் நினைத்திருப்பார். போகும், ஆனால் மக்காது. எனக்குக் கோபம் வந்தது. விடுங்கள், ஏதோ ஆசையில் வைத்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. ஆசைதான். அந்த வீட்டின் முன்தான் குழந்தைகள் கூட்டம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் தூறல் பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் பைன் கூம்புகளை மரங்கள் போல நட்டு வைத்திருந்தார்கள். போகும்போது செதில் செதிலாக விரிந்திருந்தவை, திரும்பி வரும்போது பாதி மூடிக் கிடந்தன. மழை வருகிறதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள் என்றாள் அந்தக் குழந்தை. ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்கு உண்டு, ஈரத்தில் வெளியடுக்கு அதிகமாக விரிவதால் செதில் உள்நோக்கி வளையும், மரத்திலிருந்து விழுந்து செத்துப்போன கூம்புகூட இதைச் செய்யும் என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. எனக்கும் புத்தி வருகிறது, பார்.

ஒன்றைப் பார்த்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் 16 வயதுப் பெண்ணும் அம்மா வழியில் அவளுக்குத் தங்கை முறையாகும் 9 வயதுச் சிறுமியும் ஓடைக்கரையில் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். காகிதத்தில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியில் நிறுத்திய உருவங்கள் அவை என்று இருவரும் ஒப்புக்கொண்டது 1983-இல், கிழவிகளான பிறகு. கடைசிப் படம் மட்டும் உண்மை என்று இளையவள் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லையாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதே நாட்டில் சாமர்செட் பகுதியில் வேஃபோர்டு என்றொரு சிறு காடு. மரத்தடிகளில் குட்டிக் கதவு வைக்கும் பழக்கம் அங்கே பிடித்துக்கொண்டு, 2015-இல் கதவுகள் 200-ஐத் தாண்டிவிட்டன. இனிமேல் கட்டுப்பாடு வேண்டும் என்று காட்டைப் பராமரிப்பவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. கட்டட அனுமதி இல்லாத ஊரில் நடப்பதுதான்.

இப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருப்பது உறைத்தது. சிற்றில். சின்ன இல். சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் வீடு. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குப் பாடும் பத்துப் பருவங்களில் ஒன்றே சிற்றில்தான். அதிலே குழந்தைக்கு என்ன வேலை தெரியுமா? சிறுமிகள் கட்டிய வீட்டைக் காலால் அழிப்பது. எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவது போலத்தான் பாட்டுகள் இருக்கும். பள்ளியில் படித்தபோது எனக்கு இது வெறும் பருவப் பெயர், பரீட்சைக்கு மனப்பாடம்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வீடு கட்டினாய். ஞாபகம் இருக்கிறதா? குச்சி, உடைந்த ஓடு, தீப்பெட்டி. யாருக்கென்று கேட்டதற்கு, "வருவாங்க" என்று மட்டும் சொன்னாய். ஒரு மாதம் போல அது அங்கேயே இருந்தது. பிறகு தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வருகிற நாளில், காலையிலேயே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் நானே வாரிப் போட்டுவிட்டேன். பள்ளி விட்டு வந்து நீ தேடினாய். குப்பை சேர்ந்துவிட்டது, எடுத்துவிட்டேன் என்றேன். நீ அழவில்லை. புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். அதன் பிறகு நீ எதுவும் கட்டி நான் பார்க்கவில்லை.

பெரிய விஷயமாக நீ இதை வைத்திருக்கிறாயா, மறந்தே போனாயா என்று எனக்குத் தெரியாது. நான் மறந்துதான் போயிருந்தேன். ஏழாம் எண் வீட்டின் முன் படுத்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. நீ கட்டிய வீட்டில் ஒரு கதவு இருந்தது. துடைப்பம் பட்டதும் அது திறந்தது, திரும்ப மூடியது. ஒரு கணம் நின்று அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாரினேன்.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. முட்டி வலிக்கிறதா என்று அவள் கேட்டாள், ஆமாம் என்றேன்.

பாதையின் முடிவில் கொஞ்சம் இடத்தை வருகிறவர்கள் கட்டுவதற்காகவே விட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அஸ்திவாரத்துக்குத் தட்டைக் கற்கள், சுவருக்குக் குச்சிகள், கூரைக்குப் பட்டை. இறவாணத்தில் குறை சொல்ல முடியாது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அந்தக் குழந்தை வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே எப்படிப் போவது என்று கேட்டாள்.

வாசலே வைக்கவில்லை, கயல். நிலை, கதவு, படி எதுவும் இல்லை. எத்தனை வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன்! அம்மா சிரித்ததில் அந்தக் காட்டில் இருந்த பறவைகள் எல்லாம் எழும்பியிருக்கும். இதை அவள் உன்னிடம் சொல்லாமல் இருந்தாள் என்றால் அது என் மீது வைத்த கருணை.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். மழையில் ஒரு சுவர் லேசாகச் சாய்ந்திருந்தது, கூரை ஒழுகவில்லை. இரண்டு குச்சிகளை எடுத்து வாசல் திறந்துவிட்டேன், நிலையும் வைத்துவிட்டேன். கதவில்தான் தடுமாற்றம். பட்டையில் ஒரு துண்டு நறுக்கிச் சாய்த்து வைத்தால் அது மூடிதான், கதவாகாது. திறந்து மூட வேண்டும். நாரை முறுக்கிக் கீல் போலக் கட்டிப் பார்த்தேன், இரண்டாம் தடவை திறக்கும்போதே அறுந்துவிட்டது. கம்பி, பசை, ரப்பர் எதுவும் அங்கே கூடாது.

அடுத்த ஞாயிறு வரைதான் வைத்திருப்பார்கள். அதன் பிறகு பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே சருகோடு விட்டுவிடுவார்களாம். உன் கதவை நீ எதைக் கொண்டு மாட்டியிருந்தாய்? நூலா, துணிக்கிழிசலா, வேறு ஏதாவதா? ஞாபகம் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுது. போனில் வேண்டாம், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
அப்பா