கண் அரிக்கிறதா என்று மட்டும் சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சாயங்காலம் ஆனால் மழைதான், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் லோங்காங் (சாக்கடை) நிரம்பி ரோட்டுக்கே வந்துவிடுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்ற செய்தி அப்புறம்.

தீபாவளியன்று வீடியோவில் உன் கண்ணைப் பார்த்தேன். இமை வீங்கி, வெள்ளை விழி சிவந்து, பேசப் பேச டிஷுவால் ஒற்றிக்கொண்டே இருந்தாய். ‘ஒன்றுமில்லப்பா, ஹே ஃபீவர்’ என்றாய். அதற்கப்புறம் குரல் செய்திதான், வீடியோ இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, மருத்துவ உதவியாளராக இருந்தவன் கேட்கிறேன். சளிக்காய்ச்சல் என்றால் உடம்பு வலிக்கும், சூடு இருக்கும், வாரம் பத்து நாளில் போய்விடும். நீ சொன்ன ஹே ஃபீவர், அதாவது பூந்தூள் ஒவ்வாமைக்குக் காய்ச்சல் கிடையாது. அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கில் தண்ணீராக ஒழுகும், கண்ணும் மேலண்ணமும் அரிக்கும். அந்த அரிப்புதான் முக்கியம். அரிப்பே இல்லாமல் கண் மட்டும் சிவந்து வீங்கினால் காரணம் வேறு. உனக்கு அரிக்கிறதா?

இங்கே இருந்தவரை அவளுக்கு இது இல்லையே என்கிறாள் அம்மா. மெல்பர்னில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புல் பூக்கும் காலம். மேய்ச்சல் நிலத்து ரை புல்லின் தூளை வடகாற்று ஊருக்குள் அள்ளிக்கொண்டு வரும். போன புதிதில் ஒன்றும் செய்யாது, சில வருஷம் அந்தக் காற்றைச் சுவாசித்த பிறகுதான் பலருக்கு ஆரம்பிக்கும். ஆகையால் நீ சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

உண்மை என்றால் மருந்தை ஒழுங்காகப் போடு. ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே தினமும் போட வேண்டியது, தும்மல் வந்த நாளில் மட்டும் அல்ல. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையால், முனையைக் காதுப் பக்கம் திருப்பி அடி. நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். வேகமாக உறிஞ்சாதே, தொண்டைக்குப் போய்விடும். மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்ப்ரே வேறு. அதை நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு கூடும். நம் தோட்டத்து மஞ்சள் மாத்திரை தூங்க வைக்கும், கார் ஓட்டுகிறவளுக்கு ஆகாது. அவ்வளவாகத் தூக்கம் வராத லோரட்டாடின் மாத்திரை கேட்டு வாங்கு. காற்றடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்து. துணியை வெளியே காயப்போடாதே. வந்ததும் தலைக்குக் குளி.

தமிழ்ப்பள்ளியில் படித்து அவ்வளவு தூரம் போனவள் என்று கோயிலில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். பெற்றவர்களுக்குப் பத்து வினாடிக் குரல் செய்தி போதுமென்று நினைத்துவிட்டாயே.

இடி மழையை நினைத்தால்தான் எனக்குத் தூக்கமில்லை. 2016 நவம்பர் 21 அன்று உங்கள் ஊரில் ஒரே சாயங்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்துபோனார்கள். புயலின் ஈரத்தில் பூந்தூள் வெடித்துப் பொடியாகி நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. வெறும் தும்மல்தானே என்று இருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். பெரியத்தைக்கு நடந்தது உனக்குத் தெரியும், உனக்கும் அவள் நெஞ்சுதான்.

நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, ராத்திரி இருமல் வந்தாலோ டாக்டரிடம் போ. மூச்சுத் திணறலுக்கான நீல இன்ஹேலரும், அதில் மாட்டி உறிஞ்சும் ஸ்பேசர் குழாயும் கைப்பையிலேயே இருக்கட்டும். திணறினால் நிமிர்ந்து உட்கார், இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு அடி, ஒவ்வொரு அடிக்கும் நாலு மூச்சு, நாலு நிமிஷம் பொறு, தேறாவிட்டால் இன்னொரு நாலு. அப்போதும் தேறாவிட்டால் ஆம்புலன்சுக்கு 000. மூச்சு ரொம்ப முட்டினால் முதலிலேயே 000. இடி வருமென்று சொன்ன நாளில் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இரு. ஸ்ப்ரேயை விடாதே.

இதை மாப்பிள்ளைக்கும் படித்துக்காட்டு. அப்படிப்பட்ட நாளில் அவரும் வீட்டில் இருப்பது நல்லது. போன இரண்டு தடவையும் ‘அவர் வெளியே போயிருக்கார்’ என்றாய். வேலை இருக்கும், சரி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்போம். வீடியோவில் கூப்பிடு. கண் எப்படி இருந்தாலும் கூப்பிடு. அரிக்கவில்லை என்றாலும் சொல்லலாம், அம்மா. என்னுடைய பாஸ்போர்ட்டும் அம்மாவுடையதும் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

அப்பா