எண்ணூர் ஆத்துல எங்களோட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம், வடசென்னை எண்ணூர்ல இருக்கற மீனவ ஊரு காட்டுக்குப்பத்துலேர்ந்து எழுதறேன். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட சேந்து ஆயிலு பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எப்படி எங்க ஆத்துக்குள்ள வந்துச்சுன்னு நீங்க எல்லாரும் பாத்துட்டீங்க, அத திரும்ப சொல்ல இப்ப தெம்பு இல்ல. தண்ணி மேல நின்ன கறுப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு, இன்னிக்குத்தான் உக்கார முடிஞ்சுது, மனசுல இருக்கும்போதே நன்றிய சொல்லிடறேன்.

மொதல்ல ஒரு அக்கா. கத்திவாக்கத்துல தள்ளுவண்டில இட்லி விக்கிறவங்க, பேர் போடாதன்னுட்டாங்க. ஆரம்பத்துல நாங்க பக்கெட்டும் மக்கும் வெச்சுதான் ஆயில அள்ளி டிரம்ல ஊத்திட்டிருந்தோம், கிளவுஸ் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. மதியம் சாப்பாட்டு பொட்டலம் நெறைய வரும், கொடுத்தவங்களுக்கு பெரிய மனசு, ஆனா முழங்கை வரைக்கும் ஆயிலு தாரு மாதிரி அப்பிக்கிட்டிருக்கும், சோப்புக்கு அசையாது, மண்ணெண்ணெ போட்டா தோலு எரியும், அந்த நாத்தத்தோட சோத்துல எப்படி கை வைக்கிறது, பாதி பேரு பொட்டலத்த பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுவாங்க. இத வேற யாரும் கவனிக்கல, அக்கா கவனிச்சிருக்காங்க. மறுநாள் சாப்பாடு எதுவும் கொண்டு வரல, ஒரு கேன் தேங்காண்ணெ, கிழிச்ச பழைய காட்டன் பொடவ, கடல மாவு, குண்டான்ல வெந்நீர், அவ்ளோதான். கரையில பலகைய போட்டு உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்ட்டு "கைய நீட்டு"ன்னாங்க. எண்ணெய ஊத்தி வெரல் இடுக்கு நக இடுக்கெல்லாம் தேச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, துணியால வழிச்சு எடுத்து, மாவு போட்டு கழுவி விட்டாங்க. எங்க சித்தப்பா யார்கிட்டயும் ஒரு உதவின்னு போய் நிக்காத மனுஷன், ரெண்டு கையையும் கொடுத்துட்டு பேசாம உக்காந்திருந்தாரு. அன்னிக்குத்தான் எல்லாரும் வயிறார சாப்ட்டோம். அவங்க வீட்டுக்குள்ளயும் வெள்ளம் பூந்திருந்துச்சு, வண்டி போடாம வருமானமும் இல்ல, எண்ணெக்கு காசு குடுத்தா திட்டறாங்க. அக்கா, உனக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்.

அப்புறம் நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், சிவன்படைக்குப்பம் சொந்தங்க, படக எடுத்துட்டு எறங்குன தம்பிங்க, லீவு போட்டுட்டு வந்த காலேஜ் பசங்க, மருத்துவ முகாம் போட்ட டாக்டருங்க, ஆயில்ல நனைஞ்ச கூழைக்கடாங்கள தேடி அலைஞ்சவங்க, விடாம எழுதின நிருபருங்க, தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்த தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம், எல்லாருக்கும் நன்றி.

இன்னொருத்தர விட முடியாது. மேப்ப மடிச்சு வெச்சுட்டு எங்க போட்ல ஏறி "எங்க தேங்கும்னு நீங்க சொல்லுங்கண்ணே"ன்னு கேட்ட அந்த அதிகாரி. 20 சதுர கிலோமீட்டர் பரவியிருக்குன்னு கடலோரக் காவல்படை மேலேர்ந்து பாத்து சொன்னாங்க, சரி, ஆனா தண்ணி ஏறும்போது எந்த வளைவுல ஒதுங்கும், வத்தும்போது எந்த கண்டல் காட்டுக்குள்ள மாட்டும்னு இங்க தெனமும் வலை போடறவனுக்குத்தான தெரியும். மிஷினு போக முடியாத எடம் அது, ஆயிலு மரத்தோட மூச்சு வேர்லயே ஒட்டியிருக்கு. எங்கள கூலிக்கு அள்ளச் சொன்னது ஒரு வேல, எங்கள கேட்டு வேலைய திட்டம் போட்டது வேற, அந்த ரெண்டாவது இன்னும் முன்னாடியே நடந்திருக்கணும்.

வேல முடியலங்க. தண்ணி வத்துனப்புறம் சேத்துல கால வெச்சா இன்னும் அடியிலேர்ந்து கலர் கலரா படலம் கெளம்புது. அந்த சேத்துலதான் இருளர் பெண்கள் கையால தடவி எறா புடிக்கணும். அதனால ஊர்ல பேசி வெச்சிருக்கோம், எப்ப யாரு மண்ணு எடுத்து டெஸ்ட் பண்ண வந்தாலும் எங்க ஆளுங்களும் அந்த இருளர் பெண்கள்ல ரெண்டு பேரும் கூட நிப்பாங்க, எந்த எடத்துல எடுக்கணும்னு நாங்க காட்டுவோம், ரிசல்ட்ட தமிழ்ல எழுதி எங்க கையில குடுக்கற வரைக்கும் விட மாட்டோம். மண்ணு டெஸ்ட் பத்தி வெவரம் தெரிஞ்சவங்க அன்னிக்கு எங்க கூட வந்து நின்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும், படகு எங்களுது.