தேடல் கருவிக்கு ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள்: ஆவணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆவணக் குழுவினருக்கு,

வணக்கம். வேலைகளை வரிசைப்படி தானாகச் செய்து முடிக்கும் உங்கள் பணிப்பாய்வு மென்பொருளில், மொழி மாடலைக் கொண்டு தாமே முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்கென இருக்கும் தேடல் கருவியின் ஆவணப் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். கருவி எதற்கு என்று ஒரு வரி, திரையைப் பிடித்த ஒரு படம், மேலும் அறியத் தேடுபொறியின் தளத்தைப் பார்க்கச் சொல்லும் ஒரு சுட்டி. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை முழுமையாக எழுதித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழு பயன்படுத்தும் மென்பொருள் நூலகங்களுக்கு (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளுக்கு) புதிய பாதுகாப்பு அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று தினமும் காலையில் இணையத்தில் தேடி, சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பும் பணிப்பாய்வு ஒன்றை அமைத்தேன். தேடலுக்கு எங்கள் சர்வரிலேயே நிறுவிய செர்க்ஸ்என்ஜி என்ற இலவசத் தேடுபொறி. அதன் முகவரியைக் கொடுத்தேன், கருவியை ஏஜென்ட்டோடு இணைத்தேன், ஓட்டிப் பார்த்தேன். வெற்றி என்றே திரை காட்டியது. மூன்று நாள் மின்னஞ்சல் ஒழுங்காக வந்தது. புதிய அறிவிப்பு எதுவும் இல்லை என்ற செய்தி, ஒவ்வொரு நூலகத்தின் அண்மைப் பதிப்பு எண், ஆதாரமாக ஒரு சுட்டி. நான்காம் நாள் சக ஊழியர் ஒருவர் சுட்டியைச் சொடுக்கினார். அப்படி ஒரு பக்கமே இல்லை. பதிப்பு எண்ணும் பழையது.

இயக்கப் பதிவைப் படி படியாக விரித்துப் பார்த்தேன். தேடல் கருவி ஏஜென்ட்டிடம் திருப்பித் தந்திருந்தது ஒரே வரி: 403, அனுமதி இல்லை. மூன்று நாளும் அதே வரி. ஒரு தடவைகூடத் தேடல் நடக்கவில்லை. அந்தப் பிழை பணிப்பாய்வை நிறுத்தாமல், கருவியின் பதிலாக மொழி மாடலிடம் போயிருக்கிறது. மாடலோ, பயிற்சியில் கற்ற பழைய தகவலை எடுத்து, தடுமாற்றமே இல்லாத நடையில் ஒரு பதிலை எழுதிவிட்டது.

காரணம் மிகச் சிறியது. புதிதாக நிறுவிய செர்க்ஸ்என்ஜியின் அமைப்புக் கோப்பில், தேடல் முடிவுகளின் வடிவமாக எச்டிஎம்எல், அதாவது பிரவுசர் காட்டும் வலைப்பக்க வடிவம், மட்டுமே இருக்கும். மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் ஜேசன் வடிவத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காதவரை, ஜேசன் கேட்டு வரும் கோரிக்கைக்கு 403தான் பதில். உங்கள் கருவி கேட்பது ஜேசன். அதே முகவரியை பிரவுசரில் திறந்தால் தேடல் குறையில்லாமல் நடந்தது, ஏனென்றால் பிரவுசர் கேட்பது எச்டிஎம்எல். அதனால் என் சந்தேகம் அந்தப் பக்கமே போகவில்லை. கடவுச்சொல், ஃபயர்வால், சர்வர் அனுமதிகள் என்று ஒரு முழு நாள் துழாவினேன். கடைசியில் கோப்பில் ஒரு வரி சேர்த்து, சேவையை மறுபடி தொடங்கியதும் எல்லாம் சரியானது.

என் ஒரு நாள் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். பாதுகாப்பு விஷயத்தில் ஒரு குழு மூன்று நாள் இல்லாத நிம்மதியோடு இருந்ததை என்னால் விட முடியவில்லை. அந்த ஒரு வரி உங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கருவிக்கு மேலே இருக்கும் விவரிப்புப் பெட்டியைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. எனக்கு நானே எழுதிக்கொள்ளும் குறிப்பு என்று நினைத்து அதில் "தேடல்" என்று மட்டும் போட்டு வைத்திருந்தேன். எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதை மாடல் முடிவு செய்வதே அந்த வாசகத்தைப் படித்துத்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. "இன்றைய நிலவரம் தேவைப்படும் கேள்விக்கு இதைப் பயன்படுத்து" என்று எழுதிய பிறகு, முன்பு தேடாமலே பதில் சொன்ன கேள்விகளுக்கும் ஏஜென்ட் தேடிப் பார்த்துப் பதில் சொல்கிறது. இவ்வளவு முக்கியமான பெட்டியைப் பற்றிப் பேசாத பக்கத்தை ஆவணம் என்று எப்படிச் சொல்வது?

இது ஒரு கருவியோடு நிற்கும் குறையும் அல்ல. பதிப்புக்குப் பதிப்பு புதிய வசதிகள் வருகின்றன, அறிமுக வீடியோக்கள் வருகின்றன. அவற்றை விளக்கும் பக்கங்கள் மட்டும் பாதியிலேயே நிற்கின்றன. சாதாரணப் பணிப்பாய்வு உடைந்தால் சிவப்பு நிறத்தில் தெரியும். ஏஜென்ட் உடைந்தால் நல்ல வாக்கியத்தில் தவறான பதில் வரும். அப்படிப்பட்ட ஒன்றை எந்த விளக்கமும் இல்லாமல் மக்கள் கையில் கொடுப்பது பொறுப்பான செயல் அல்ல.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர்கள் சிலராகவும் வேலை மலையாகவும் இருப்பதை அறிவேன். ஆனாலும் மறுபடி கேட்கிறேன், அந்தப் பக்கத்தை எழுதித் தாருங்கள். எந்தத் தேடுபொறிக்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பது முதலில் வரட்டும். தேடல் தோற்றால் மாடலின் கைக்கு என்ன போகிறது என்பதை மாதிரிப் பதிலோடு காட்டுங்கள். 401 என்ற பிழை எண் வந்தால் ஏபிஐ சாவியை, அதாவது சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீட்டை, பார்க்க வேண்டும், 429 வந்தால் கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்பதும் அங்கேயே இருக்கட்டும். பிழை வந்தால் பணிப்பாய்வை நிறுத்துவது எப்படி என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

என் பங்குக்கு, நான் திருத்திய அமைப்புக் கோப்பையும் அந்த மூன்று நாள் இயக்கப் பதிவையும், சாவிகளை நீக்கிவிட்டு, இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். முதல் வரைவை நானே எழுத வேண்டும் என்றாலும் எழுதித் தருகிறேன். முழுப் பக்கத்துக்கு நாளாகும் என்றால், ஜேசன் பற்றிய அந்த ஒரு வரியையாவது இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்