டாக்டர் குணம் அம்மாவுக்கு, தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து

வணக்கம் அம்மா,

போன வாரம் உங்க பேர் வச்ச தெருவுல பஸ்ஸுக்காக நின்னேன். எங்க ஆயா அதை கடைசி வரைக்கும் பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட்னுதான் சொன்னாங்க, பழக்கம், ஆனா உங்க பேச்சு வந்துட்டா அவங்க குரலே மாறிடும். ஆம்பள டாக்டர்கிட்ட போகக் கூச்சப்பட்டு எவ்வளவு வலி இருந்தாலும் வீட்டுக்குள்ளயே பல்லக் கடிச்சிக்கிட்டு கிடந்த காலம் அது, 1936ல எடின்பரோல படிச்சி முடிச்சி நீங்க திரும்பி வந்தப்புறம்தான் நம்ம பொம்பளைங்க வாயத் தொறந்து இங்க வலிக்குதுன்னு சொன்னாங்களாம். நம்மள 'கூலி'ன்னு கேவலமா சொன்ன வார்த்தையையே எடுத்து, கூலி டாக்டர்னு உங்க சுயசரிதைக்குப் பேரு வச்சீங்களே, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!

1946ல கெட்டோ ஆக்ட் வந்துச்சு. இந்தியர் எங்க நிலம் வாங்கணும் எங்க குடியிருக்கணும்னு வெள்ளைக்கார அரசாங்கம் கோடு போட்ட சட்டம். அதை எதிர்த்து ஜூன் 13ல டர்பன்ல உம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேர்ற மூலையில நம்ம ஆளுங்க கூடாரம் அடிச்சி உக்காந்தாங்க, போலீஸ் பிடிக்கப் பிடிக்க அடுத்த ஆளு வந்து உக்காந்தாங்க, ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 2000 பேரு ஜெயிலுக்குப் போனாங்க, அதுல பொம்பளைங்களும் நிறைய. நீங்களும் போனீங்க. இங்க இந்தியர் உரிமைக்காகப் போராடின நடால் இந்தியன் காங்கிரஸுக்கு துணைத்தலைவராவும் இருந்தீங்க.

எங்க சபால வருஷா வருஷம் தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு மாலை போடுறோம். காந்தி இங்க நடத்தின போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி, 1914ல அங்கேர்ந்து காய்ச்சலோட வந்து 16 வயசுல போன பொண்ணு, அந்தப் பொண்ண நெனச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும். ஆனா 90 வயசு தாண்டியும் இருந்து, 1994ல நம்ம எல்லாருக்கும் ஓட்டு வந்ததையும் பாத்த உங்க படம் அங்க இல்லம்மா. செத்துப்போன பொண்ணுக்கு மாலை போட்டுடுறாங்க, உயிரோட நின்னு எதிர்த்துப் பேசின பொம்பளைய எங்க வைக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியல, எனக்கு அப்படித்தான் படுது.

எங்க கமிட்டில இப்ப வரைக்கும் ஒரு பொம்பள கூட இல்ல. புரட்டாசிக்கு அண்டா அண்டாவா சமைக்கிறது நாங்க, கணக்கு வழக்கு பேசுறது ஆம்பளைங்க. போன வருஷம் கை தூக்கினேன், அப்புறம் பாக்கலாம்மான்னு உக்கார வச்சிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மறுபடி மீட்டிங். என் பேரு எழுதிக் குடுத்திருக்கேன், கூட மூணு அக்காங்களும் குடுத்திருக்காங்க. உங்க போட்டோ ஒண்ணு பெருசாப் போட்டு ஃப்ரேம் பண்ணச் சொல்லியிருக்கேன், சனிக்கிழமை ரெடியாயிடுமாம்.

உங்க தெருவுல நின்ன ஒரு பொண்ணு